‘விட்டுவிட்டோம்’ என்ற ஒரு சொல்

 



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சாலையின் இருமருங்கிலும், கண்மாய்க்கரையிலும், கண்மாயின் உள்வாயிலும், ஒரு காலத்தில் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரிப் புஞ்சைகளிலும் சீமைக் கருவேல மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இந்த மரம் நம் மண்ணுக்குரியது அன்று. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இது, அடுப்புக்கு விறகாகும், வறட்சியைத் தாங்கும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் சென்ற நூற்றாண்டில் நம் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. விறகும் கிடைத்தது, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் நாளடைவில் கண்மாயை அது விழுங்கியது; நிலத்தை விழுங்கியது. 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட்டு இம்மரங்களை அகற்றும்படி உத்தரவிடும் நிலை வந்தது.

இந்த மரத்தைப் பற்றி நம் பகுதி விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு செய்திகளைச் சொல்வார். ஒன்று, இதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, போகுமிடமெல்லாம் முளைக்கும். இன்னொன்று, இதை வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கு கிளை வெடிக்கும்.

தீய பழக்கத்தின் வரலாறும் இதுதான் சகோதரர்களே! இனிப்பாக உள்ளே நுழைகிறது. ஏதோ ஒரு தேவையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. பிறகு நம் நிலத்தையே தனதாக்கிக் கொள்கிறது. வெட்டுகிறோம், மீண்டும் தளிர்க்கிறது. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று சொல்லி நம்மவர்கள் கைவிட்டு விடுகிறார்கள். இந்தப் பழமொழி உண்மைதானா? மனிதன் தன் பழக்கத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லி, அந்தச் சொல்லில் நிலைத்து நிற்க முடியுமா? வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்பதையே இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருக்கிறோம்.

மதீனாவின் தெருக்களில்

அறியாமைக் கால அரபு மக்களுக்கு மது என்பது எப்போதாவது அருந்தும் பானமன்று. விருந்தில் மது, வணிகத்தில் மது, கவிதையில் மது, சூதாட்டத்தில் மது என்று அவர்களின் வாழ்வோடு அது பின்னிப் பிணைந்திருந்தது. அத்தகைய சமுதாயத்தை எடுத்த எடுப்பில் ‘குடிக்காதே’ என்று கூறி அல்லாஹ் திருத்த முற்படவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதை அழகாக விளக்கியுள்ளார்கள். முதலில் இறங்கியவை சொர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிய வசனங்கள். உள்ளங்கள் இஸ்லாத்தில் ஊன்றிய பிறகே ஆகுமானவை, ஆகாதவை பற்றிய சட்டங்கள் இறங்கின. தொடக்கத்திலேயே மது தடுக்கப்பட்டிருந்தால், அதை ஒருபோதும் விடமாட்டோம் என்றே மக்கள் சொல்லியிருப்பார்கள் என்பது அன்னையாரின் கருத்து. புகாரி நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

படிப்படியாக அந்தத் தடை வந்தது. மதுவிலும் சூதிலும் சில பயன்கள் இருந்தாலும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அறிவித்தது. அது தடை அன்று. சிந்திக்கத் தூண்டிய முதல் தட்டு. சிலர் அப்போதே விட்டுவிட்டார்கள். அடுத்து, போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்கக் கூடாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் இறங்கியது. இந்தக் கட்டளையின் ஆழத்தைக் கவனியுங்கள். ஐவேளைத் தொழுகையும் ஜமாஅத்துமாக வாழ்கிற ஒருவர், போதையில்லாமல் பள்ளிக்கு வர வேண்டுமானால் பகல் முழுவதும் குடிக்க முடியாது. லுஹருக்கும் அஸருக்கும் இடையிலோ, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலோ, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலோ போதை ஏறித் தெளிய நேரமில்லை. ஆக, குடிக்கும் நேரம் இரவின் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பழக்கத்தைத் தடுப்பதற்கு முன்பே, பழக்கம் குடியிருந்த நேரத்தை நற்செயல் பிடித்துக்கொண்டது!

அதன் பிறகே அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் இறங்கின. மதுவும் சூதும் ஷைத்தானின் செயல்கள். அவற்றால் அவன் உங்களிடையே பகையை மூட்டவும் தொழுகையை விட்டு உங்களைத் தடுக்கவும் விரும்புகிறான் என்று விளக்கிவிட்டு, இனியேனும் விலகிக்கொள்வீர்களா என்று ஒரு கேள்வியோடு அந்த வசனம் முடிகிறது. மது பற்றித் தெளிவான விளக்கத்தைத் தரும்படி இறைவனிடம் நெடுநாளாக இறைஞ்சி வந்தவர் உமர் (ரலி). அறியாமைக் காலத்தில் மதுவில் நாட்டம் கொண்டிருந்தவர்தாம் அவர். இந்த வசனம் ஓதிக் காட்டப்பட்டதும் அவர் தந்த பதில் ஒரே சொல். விட்டுவிட்டோம் என்றார்.

அனஸ் (ரலி) அவர்கள் அப்போது சிறுவர். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் கூடியிருந்தவர்களுக்குப் பேரீச்சையில் தயாரித்த மதுவைப் பரிமாறிக் கொண்டிருந்தார். தெருவில் ஒருவர் மது தடுக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்துச் சென்றார். அவ்வளவுதான். கையில் இருந்தது வாய்க்குப் போகவில்லை. வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடும்படி அபூதல்ஹா (ரலி) கூறினார்கள். மதீனாவின் தெருக்களில் அன்று மது ஓடியது என்று அனஸ் (ரலி) நினைவுகூர்கிறார்கள். அன்று மதீனாவில் வீடு வீடாகச் சோதனை போடுவதற்குக் காவல்துறை இருக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்!

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழி அன்று அந்தத் தெருக்களில் பொய்த்துப் போனது.

ஒரு பேரரசரின் சபதம்

இனி வரலாற்றின் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். 1527ஆம் ஆண்டு. ஆக்ராவுக்கு அருகிலுள்ள கான்வாவில் ராணா சங்காவின் பெரும்படையை எதிர்கொள்ளத் தயாராகிக்கொண்டிருந்தார் முகலாயப் பேரரசர் பாபர். படையினர் கலங்கிப் போயிருந்தனர். அந்த நேரத்தில் பாபர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்தார். பல ஆண்டுகளாக மதுவில் மூழ்கியிருந்தவர் அவர். இனி மதுவைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தார். தங்கத்தாலும் வெள்ளியாலும் ஆன கிண்ணங்களை உடைக்கச் செய்து ஏழைகளுக்கும் துறவிகளுக்கும் பங்கிட்டார். இருந்த மதுவைத் தரையில் கொட்டச் செய்தார். அவரோடு சேர்ந்து ஏறத்தாழ முந்நூறு பேர் மதுவைத் துறந்தனர். இவற்றையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே எழுதி வைத்துள்ளார்.

நெஞ்சம் நெகிழும் நிகழ்ச்சிதான். ஆனால் அதே பாபர், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மதுவின் மீதுள்ள ஏக்கம் தம்மை எவ்வளவு வாட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். மதுவை விட்டவர், மஃஜூன் என்னும் போதை லேகியத்தை விடவுமில்லை. மரத்தை வெட்டினார், தூர் நிலத்திலேயே இருந்தது.

அந்தத் தூர் அவருடைய சந்ததியில் தளிர்த்தது. மகன் ஹுமாயூன் அபினுக்கு அடிமையானார். பேரன் அக்பரின் பிள்ளைகளான முராதும் தானியாலும் குடியினாலேயே இளவயதில் மாண்டனர். தானியாலுக்கு மது கிடைக்காதபடி தந்தை காவல் போட்டார். ஆனால் துப்பாக்கிக் குழாயில் மதுவை ஊற்றி மறைத்துக் கொண்டுவரச் செய்து குடித்தார் அந்த இளவரசர். துருவும் வெடிமருந்தும் கலந்த அந்த மது அவர் உயிரைக் குடித்ததாக அவருடைய அண்ணன் ஜஹாங்கீர் எழுதுகிறார். இதை எழுதிய ஜஹாங்கீரின் நிலை என்ன? நாளொன்றுக்கு இருபது கிண்ணம் வரை குடித்து, கை நடுங்கி, பிறர் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளக் குடிக்கும் நிலைக்கு வந்ததாகவும், மருத்துவர் எச்சரித்த பிறகு பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஆறு கிண்ணமாகக் குறைத்ததாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். அரியணை ஏறியதும் நாட்டில் மது தயாரிக்கக் கூடாது என்று ஆணையிட்டவரும் அவர்தாம்!

ஹிந்துஸ்தானத்தையே ஆண்டவர்களால் ஒரு கிண்ணத்தை ஆள முடியவில்லை. காவலும் ஆணையும் வெளியிலிருந்தன. கிண்ணத்தின் மீதான காதல் உள்ளே இருந்தது.

சட்டம் என்னும் வேலி

நம் தமிழகத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி என்ற புதிய வரி சென்னை மாகாணத்தில் பிறந்தது. 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு விரிந்தது. நம் அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவும் மதுவிலக்கை அரசின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது.

1971இல் அந்தக் கதவு திறக்கப்பட்டது. திறக்க வேண்டாம் என்று வேண்டுவதற்காக 92 வயது முதியவரான ராஜாஜி, தமக்கு அரசியலில் பல வயது இளையவரான முதலமைச்சரின் இல்லத்துக்கே நேரில் சென்றார். பயனில்லை. 1974இல் மீண்டும் மதுவிலக்கு வந்தது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் மது மொத்த விற்பனைக்கென்று டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டதும் உண்மை. எஞ்சிய கடைகளில் கூட்டம் நிறைந்திருப்பதும் உண்மை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் கண்ணீரோடு பார்த்தோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1920இல் அரசியல் சாசனத்தையே திருத்தி மதுவைத் தடுத்தார்கள். கள்ளச் சந்தையும் கொள்ளைக் கூட்டங்களும் பெருகின. 1933இல் இன்னொரு திருத்தம் போட்டு அதை நீக்கினார்கள்.

அப்படியானால் சட்டம் வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. சட்டம் வேலி. வேலியில்லாத பயிரை ஆடு மேயும். ஆனால் வேலியே பயிராகிவிடாது. உள்ளே எதையும் விதைக்காமல் வேலி மட்டும் போட்டால், அந்த வேலிக்குள்ளும் கருவேலம்தான் முளைக்கும்.

எழுத்தறிந்த தாய்மார்கள்

விதைத்தவர்களின் வரலாறும் உண்டு. 1992ஆம் ஆண்டு, ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்னும் சிற்றூர். அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் ஏழைப் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பாடப்புத்தகத்தில், கணவனின் குடியால் சீரழிந்த ஒரு பெண்ணின் கதை பாடமாக இருந்தது. படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவரவர் வீட்டுக் கதையாக இருந்தது. தங்கள் ஊருக்குள் இனிச் சாராயம் வரக்கூடாது என்று தடுத்து நின்றார்கள். கடை மூடப்பட்டது. அடுத்த பதிப்பில் இந்த ஊரின் வெற்றியே பாடமாகி, ஊர் ஊராகத் தீ பரவியது. 1993 அக்டோபரில் சாராயத்துக்கு அம்மாநிலம் தடை விதித்தது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது.

1997இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆனால் ஓர் எழுத்தறிவு வகுப்பு, ஓர் அரசாங்கத்தின் கருவூலத்தையே அசைத்தது என்ற பாடம் தளராது. குடியை எதிர்க்க அவர்களுக்குக் கிடைத்த கருவி, கையில் வந்த ஒரு புதிய நல்ல பழக்கம், அதாவது படிப்பு!

சென்னையில் இன்னொரு சகோதரி. குடிநோயால் கணவரை இளவயதில் இழந்தவர் சாந்தி ரங்கநாதன். தம் துயரத்தில் மூழ்கிவிடாமல், 1980இல் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். குடிநோய்க்கும் மருத்துவம் உண்டு என்பதைத் தமிழகம் அறிந்துகொள்ள அவர் செய்த பணி பெரிது.

நம் ஊரின் பாடம்

தொலைதூரம் ஏன் போக வேண்டும்? நம்முடைய அருப்புக்கோட்டையிலேயே பாடம் இருக்கிறது.

அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சாத்தங்குடி, சிவகாசி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் வணிகத்தால் உயர்ந்த நாடார் சமுதாயத்தின் வரலாற்றை அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் ஒரு நூலாகவே எழுதினார். பனையேறிக் கள் இறக்குபவர்கள் என்று சொல்லி இழிவாக நடத்தப்பட்டவர்கள் அவர்கள். பதநீர் இறக்குவதும் கருப்பட்டி காய்ச்சுவதும் வியர்வை சிந்தும் கண்ணியமான உழைப்பு. இழிவு செய்தவர்கள் மீதுதான் பிழை. ஆயினும் பிறரைக் குறை கூறிக்கொண்டு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. மாட்டு வண்டிகளில் சரக்கேற்றி வந்து, பேட்டைகள் அமைத்து, வணிகம் செய்தார்கள். ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையை ‘மகமை’ என்று எடுத்து வைத்தார்கள். உறவின்முறை கூடி அந்தப் பொதுப்பணத்தைப் பேட்டைக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவிட்டது. 1910இல் தோன்றிய அவர்களின் மகாஜன சங்கம், கள் இறக்குவதைக் கைவிடும்படி தம் மக்களை வற்புறுத்தி வந்தது.

விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலைக்காக வீடு வீடாகப் பிடியரிசி திரட்டப்பட்டது. சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பாள் அந்த வீட்டுத் தாய். அந்தப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுள் ஒருவர்தாம், 1956இல் தமிழகத்துப் பள்ளிகளுக்கு மதிய உணவைக் கொண்டுவந்த காமராஜர்.

இதில் நமக்குரிய பாடம் என்ன? அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னதோடு நிற்கவில்லை. கள் வேண்டாம் என்றபோது கடை இருந்தது. வீண் செலவு வேண்டாம் என்றபோது மகமை இருந்தது. ஒரு பிடியை அடுப்பிலிருந்து குறைத்தபோது அது பள்ளிக்கூடமாக முளைத்தது. ஒவ்வொரு ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு ‘வேண்டும்’ இருந்தது. நம் பக்கத்துத் தெருவில் நடந்த இந்த வரலாற்றை நாம் கண் திறந்து பார்த்தோமா?

இந்த எளியவன் கற்ற பாடம்

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரர் இருக்கிறார். தறித் தொழிலாளி. ரமலான் பிறை தெரிந்த இரவே குடியை நிறுத்திவிடுவார். முப்பது நாளும் முதல் வரிசையில் தொழுவார். தராவீஹில் அவர் கண்ணீர் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே போய்விடுவார். ஆண்டுதோறும் இதே நிலை.

ஓர் ஆண்டு ஷவ்வால் மாதத்தின் முதல் ஜும்ஆவில் நான் குடியைப் பற்றிப் பேசினேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ரமலான் முஸ்லிம்கள் என்று ஏளனமாகச் சொல்லி, அல்லாஹ்வை ஏமாற்றுகிறவர்கள் என்று சாடினேன். எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அடுத்த வாரம் அவர் ஜும்ஆவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அடுத்த ரமலானில் பிறை தெரிந்த இரவிலும் அவர் வரவில்லை. ஆண்டுக்கு முப்பது நாளாவது குடிக்காமல் இருந்த ஒருவருக்கு, அந்த முப்பது நாளும் என் நாவினால் போய்விட்டது.

அந்த நாட்களில்தான், மாணவப் பருவத்தில் மத்ரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் என் நெஞ்சைச் சுட்டது. குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவர் நபி (ஸல்) அவர்களின் முன் மீண்டும் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் சபித்தவரைத் தடுத்தார்கள். அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்று சான்று பகர்ந்தார்கள். உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் மற்றோர் அறிவிப்பும் புகாரியில் உள்ளது. ஓதினேன், தேர்வு எழுதினேன், பட்டமும் பெற்றேன். மிம்பரில் ஏறியபோது மறந்துவிட்டேன்!

அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதார். ‘பெருநாளுக்கு அப்புறம் இஷா முடிஞ்சா எனக்குப் போக இடமில்லை, ஹஜ்ரத்’ என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ரமலானில் தராவீஹ் இருந்தது, கஞ்சி இருந்தது, கூட்டம் இருந்தது, ஸஹர் வரை விழிக்க ஒரு காரணம் இருந்தது. ஷவ்வாலில் நாம் பள்ளியைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவருடைய இரவு காலியாகிவிடுகிறது. காலி இடத்தில் கருவேலம் முளைக்கிறது.

இப்போது இஷாவுக்குப் பிறகு நாங்கள் நான்கைந்து பேர் பள்ளியின் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்கிறோம். சில நாள் ஓதுவோம். சில நாள் தேநீரோடு பேச்சு மட்டும்தான். அவரும் வருகிறார். அரசு மருத்துவமனைக்கும் ஒருமுறை உடன் அழைத்துச் சென்றோம். இடையில் இரண்டு முறை சறுக்கினார். மறைக்காமல் வந்து சொன்னார். நாங்கள் சபிக்கவில்லை. அவர் முழுமையாக மீண்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அந்த முடிவு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் கடந்த பெருநாளின் மூன்றாம் நாள் இரவு அவர் திண்ணையில் இருந்தார்.

அவருக்கிருந்தது குடிப்பழக்கம். எனக்கிருந்தது, பாவத்தைக் கண்டதும் பாவியைச் சுடும் நாப்பழக்கம். இரண்டும் ‘வேண்டாம்’ என்று சொல்லப்பட வேண்டியவையே.

நாம் செய்ய வேண்டியவை

அன்பிற்குரியவர்களே! இந்த வரலாறுகள் நமக்குத் தரும் வழிகாட்டுதல்களைச் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது, உங்கள் பழக்கம் குடியிருக்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். குடியோ, புகையிலையோ, வெட்டிப் பேச்சோ, நள்ளிரவு வரை கைபேசித் திரையோ, எதுவானாலும் அதற்கென்று ஒரு நேரமும் ஓர் இடமும் ஒரு கூட்டாளியும் உண்டு. அந்த நேரத்தில் வேறொரு நற்செயலை முதலில் குடியேற்றுங்கள். மதீனாவில் தொழுகை செய்த வேலை அதுதான்.

இரண்டாவது, பாதியில் நிற்காதீர்கள். ஒரு போதையை விட்டு மற்றொரு போதையைப் பிடிப்பது பாபர் செய்த தவறு. தூரைத் தோண்டுங்கள்.

மூன்றாவது, மிச்சமாகும் பணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். ஒரு நாள் விட்ட பழக்கத்தின் விலையை ஓர் உண்டியலில் போடுங்கள். அது மகளின் பள்ளிக் கட்டணமாகட்டும். அது உங்கள் வீட்டுப் பிடியரிசி.

நான்காவது, நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்படலாம். சில வேளை உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து உண்பது தவ்பாவுக்கு முரணானதன்று; அதற்கு உதவி.

ஐந்தாவது, ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் என் போன்ற இமாம்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருந்த விரும்புகிறவன் இஷாவுக்குப் பிறகு எங்கே போவான் என்று யோசியுங்கள். அவனுக்கு ஒரு திண்ணை இருக்கிறதா? அவனைச் சபிக்காத நான்கு பேர் இருக்கிறார்களா?

ஆறாவது, சறுக்கியவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம். கருவேலம் மீண்டும் தளிர்த்தால் விவசாயி நிலத்தை விற்றுவிட்டுப் போவதில்லை. மண்வெட்டியை மீண்டும் எடுக்கிறான். அடியான் திரும்பத் திரும்பப் பிழை செய்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாலும் ஏற்றுக்கொள்பவன் நம் இறைவன்.

சென்ற ஆண்டு திருச்சுழிச் சாலையில் ஒரு விவசாயி தம் புஞ்சையில் தூர் தோண்டிக் கொண்டிருந்ததைப் பார்த்தேன். தோண்டிய குழியை மூடிய கையோடு கம்பு விதைக்கப்போவதாகச் சொன்னார். சும்மா போட்டால் மறுபடியும் அதுதான் வரும் என்றார். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் சொல்ல முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இறைவா! எங்களுக்குத் தீங்கானவற்றை அடையாளம் காணும் கண்ணையும், அவற்றை விட்டுவிடும் உறுதியையும் தருவாயாக! விட்ட இடத்தில் நல்லதை விதைக்கும் அறிவைத் தருவாயாக! சறுக்கிய எங்கள் சகோதரர்களுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாமல் எங்கள் நாவுகளைக் காப்பாயாக! உமர் (ரலி) அவர்கள் சொன்ன அந்த ஒரு சொல்லை, எங்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒலிக்கச் செய்வாயாக! ஆமீன்.